கை கால் சரி, கண்ணைப் பார்த்தீர்களா?



இன்று கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன்.

பைக் விபத்தில் தலையில் அடிபட்டவரையும், பக்கவாதம் வந்தவரையும் வீட்டுக்கு அனுப்பும்போது பல ஆஸ்பத்திரிகளில் என்ன பார்க்கிறார்கள்? கை தூக்குகிறாரா, நடக்கிறாரா, பேசுகிறாரா? அத்தோடு சரி. பார்வையைப் பற்றிக் கேட்பாரில்லை.

கண் மட்டும் பார்ப்பதில்லை, மூளையும்தான் பார்க்கிறது. காட்சியைப் புரிந்துகொள்ளும் பகுதி பின்மண்டையில் இருக்கிறது. இடப்பக்கம் அந்தப் பாதை அடிபட்டால் இரண்டு கண்களிலுமே வலப்பாதி மறையும். ஆனால் சுவரில் மாட்டிய எழுத்துகளை 6/6 என்று படித்துவிடக்கூடும். கண்ணாடிக் கடையில் "பவர் மாறவில்லை" என்பார்கள். வீட்டிலோ "நடிக்கிறான்" என்பார்கள்.

என் உறவில் ஒரு கல்லூரிப் பையன். தலைக்காயத்துக்குப் பிறகு ஒவ்வொரு வரியிலும் அடுத்த சொல்லைத் தேடித் தடுமாறினான். எட்டு மாதம் சோம்பேறிப் பட்டம் சுமந்தான். பார்வைப்புலப் பரிசோதனை செய்த பிறகுதான் உண்மை தெரிந்தது. முதலில் சிகிச்சை தந்த இடத்தில் கேட்டால், "அது எங்கள் பிரிவு இல்லை" என்றார்கள். மூளைக்கு ஒரு பிரிவு, கண்ணுக்கு ஒரு பிரிவு. நடுவில் விழுந்தவன் நோயாளி!

"உயிர் பிழைத்ததே பெரிது" என்று சமாதானம் சொல்லாதீர்கள். விபத்தில் சிக்கியவர்களின் முதல் 48 மணி நேரத்துக்காக 2021-இல் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் கொண்டுவந்தது நம் அரசு. நல்ல காரியம். காப்பாற்றிய உயிர் அதற்குப் பிறகு படிக்க வேண்டாமா, ரோட்டைக் கடக்க வேண்டாமா?

இதற்குப் பெரிய மெஷின்கூட முதலில் தேவையில்லை. டாக்டர் எதிரே உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி, தன் முகத்தையே பார்க்கவைத்து, நான்கு மூலையிலும் விரலைக் காட்டி எண்ணச் சொன்னால் போதும். சில நிமிட வேலை. சந்தேகம் வந்தால் மெஷின் பரிசோதனை.

நீங்களும் கவனியுங்கள். தட்டில் ஒரு பக்கச் சோறு அப்படியே இருக்கிறதா? ஒரே பக்கம் கதவில் இடிக்கிறாரா? ஒரு கண்ணை மூடிக்கொண்டு டிவி பார்க்கிறாரா? அது இரட்டைப் பார்வையாக இருக்கலாம். முகவாதத்தில் இமை மூடாவிட்டால் கருவிழி காய்ந்து புண்ணாகும்; அன்றே காட்டுங்கள்.

எல்லாப் பார்வையும் திரும்பாது. ஆனால் தலையைத் திருப்பித் தேடிப் பார்க்கப் பழக்கலாம். இரட்டைப் பார்வைக்குப் பட்டகக் கண்ணாடி உண்டு.

டிஸ்சார்ஜ் சீட்டில் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: "பார்வைப்புலம் பார்த்தீர்களா?" பார்க்கும்வரை வண்டிச் சாவியைக் கொடுக்காதீர்கள்.

மருத்துவத் துறையில் இருக்கும் என் மாணவர்களே, இதை நீங்கள்தான் தொடங்க வேண்டும்.