கையால் கட்டிய வண்டி கடனால் பறிபோவதா?

பழைய லாரி ஒன்றை விலைக்கு வாங்கி, வீட்டு முற்றத்தில் நிறுத்தி, வெட்டி, ஒட்டி, தகடு அடித்து, பெயிண்ட் பூசி, தன் மனம்போல் ஒரு வண்டியாக ஆக்கிக்கொள்வது பணம் படைத்தவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. ஞாயிற்றுக்கிழமை வேலை. வண்டி முடிந்தாலும் சரி, முடியாவிட்டாலும் சரி, அவர்கள் வீட்டு அடுப்பு எரியும்.

ஆனால் இதே வேலையை வயிற்றுக்காகச் செய்த ஜனங்கள் உண்டு. ஒரு நாட்டின் தலைநகரையே அந்த வண்டிகளில் ஏற்றி, எழுபது ஆண்டுகளுக்கு மேல் சுமந்தவர்கள் அவர்கள். நாடு பிலிப்பைன்ஸ். வண்டியின் பெயர் ஜீப்னி. தங்கள் கையால் கட்டிய அந்த வண்டியை இழந்துவிடாமல் இருக்க அந்த நாட்டின் டிரைவர்கள் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். நம் மில் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் அறிந்துகொள்ள வேண்டிய போராட்டம் இது.

யுத்தம் விட்டுப்போன வண்டி

ஜீப்பை நாம் கார் என்றே நினைக்கிறோம். அதைச் செய்வித்த அமெரிக்க ராணுவத்தின் கணக்கில் அது ஒரு லாரி. கால் டன் சுமக்கும், நான்கு சக்கரமும் இழுக்கும் லாரி. 1940-ல் ராணுவம் இப்படி ஒரு வண்டி வேண்டும், 49 நாளில் மாதிரி காட்ட வேண்டும் என்று கேட்டது. பென்சில்வேனியா மாநிலத்தில் பட்லர் என்ற ஊரிலிருந்த பான்டம் என்னும் சிறு கம்பெனி, இரவு பகலாகப் பாடுபட்டு, அந்த ஆண்டு செப்டம்பர் 23-ந் தேதி வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியது. வண்டி தேறியது. பிறகு என்ன நடந்தது? ராணுவம் அதன் வரைபடங்களை வில்லிஸ், போர்டு என்ற பெரிய கம்பெனிகளின் கையில் கொடுத்தது. யுத்தம் முடிவதற்குள் அந்த இரண்டு கம்பெனிகளும் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளின. பான்டம் செய்தது மூவாயிரத்துக்கும் குறைவு. பாடுபட்டுக் கண்டுபிடித்தது ஒரு கை. லாபத்தை அள்ளியது வேறு கை!

நம் நாட்டுக்கும் இந்த வண்டி வந்தது. சுதந்திரம் வந்த காலத்தில் பம்பாயில் மஹிந்திரா கம்பெனி வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது. போடியிலிருந்து ஏலத் தோட்டங்களுக்கு மலையேறும் தொழிலாளிகளுக்கு ஜீப்பின் குலுக்கலை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பிலிப்பைன்ஸுக்கு ஜீப் வந்தது வேறு வழியில். 1898 முதல் அமெரிக்கா அந்நாட்டை அடிமையாக வைத்திருந்தது. யுத்த காலத்தில் ஜப்பான் பிடித்துக்கொண்டது. 1945 பிப்ரவரியில் மணிலா நகரத்துக்காக இரண்டு ஏகாதிபத்தியங்களும் தெருத்தெருவாக மோதின. ஒரே மாதத்தில் சுமார் ஒரு லட்சம் ஜனங்கள் மாண்டார்கள். வீடுகள் சாம்பலாயின. ஊருக்குள் ஓடிக்கொண்டிருந்த டிராம் வண்டிகள் அழிந்தன. மிஞ்சிய ஜனங்கள் வேலைக்குப் போக ஒரு வாகனமும் இல்லை. அமெரிக்க ராணுவம் தனக்கு வேண்டாமென்று விற்றும் விட்டுவிட்டும் போன ஜீப்புகள்தான் மூலைக்கு மூலை கிடந்தன.

பட்டறையில் பிறந்த பஸ்

அந்த ஜீப்புகளின் மேல் கை வைத்தவர்கள் என்ஜினீயர்கள் அல்ல. கொல்லர்கள், தகரம் அடிப்பவர்கள், ராணுவ முகாம்களில் வேலை பழகிய மெக்கானிக்குகள், குதிரை வண்டிக்காரர்கள். வேலை நடந்த இடம் வீட்டு முற்றம், மரத்தடி, தெருவோரப் பட்டறை.

ஜீப்பின் நீளம் பதினோரு அடி. அதில் நாலு பேர் உட்காரலாம். பின்பக்கத்தை வெட்டினார்கள். சட்டத்தை நீட்டி ஒட்டினார்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நீள பெஞ்சுகளை எதிரும் புதிருமாகப் போட்டார்கள். மேலே முதலில் கித்தான், பிறகு தகரக் கூரை. ஏறி இறங்கப் பின்னால் வழி. ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. மழை வந்தால் அவிழ்த்து விடச் சுருட்டிய படுதா. நாலு பேர் போன ராணுவ வண்டியில் பத்துப் பன்னிரண்டு பேர் போனார்கள். காலப்போக்கில் சட்டத்தை இன்னும் நீட்டி இருபது பேர் வரை ஏற்றினார்கள். ஊர்த் தெருவுக்கு நான்கு சக்கர இழுப்புத் தேவையில்லை; பிற்காலத்து ஜீப்னிகளில் பின்சக்கரம் மட்டுமே இழுக்கும்.

ராணுவ ஜீப்புகள் தீர்ந்துபோன பிறகும் வேலை நிற்கவில்லை. சட்டத்தையும் தாங்களே செய்தார்கள். ஜப்பானில் கழித்துப்போட்ட லாரிகளின் டீசல் என்ஜினையும் கியர் பெட்டியையும் மட்டும் வாங்கிப் பொருத்தினார்கள். நாகத் தகட்டையும் எவர்சில்வர் தகட்டையும் சுத்தியலால் தட்டி வளைத்து முன்முகம் செய்தார்கள். கோடி ரூபாய் அச்சு யந்திரம் இல்லை. சுத்தியலும் பற்றவைக்கும் குழாயும் கண் அளவும்தான். டிங்கரிங் பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு மட்கார்டை நெளிவில்லாமல் தட்டி எடுப்பது எத்தனை ஆண்டுப் பழக்கம் என்று.

கடைசி வேலை அலங்காரம். பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகப் பூசினார்கள். போகும் வழியை எழுதினார்கள். பிள்ளைகளின் பெயர், பிறந்த ஊர், நம்பிய தெய்வத்தின் படம் எல்லாம் ஏறின. பானெட்டின் மேல் சின்னச் சின்ன உலோகக் குதிரைகளை வைத்தார்கள். அவை குதிரை வண்டிக் காலத்தின் நினைவு. இந்த வண்டிகளைச் செய்து பேர் பெற்ற சாராவோ பட்டறையை 1953-ல் தொடங்கியவர், கடன் வாங்கிய 700 பெசோவோடு வந்த ஒரு குதிரை வண்டிக்காரர்தான். 1964-ல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் பிலிப்பைன்ஸ் தன் அடையாளமாகக் கொண்டுபோய் வைத்தது அந்தப் பட்டறையின் ஜீப்னியைத்தான்.

படிக்காதவன் கைக்கு அறிவில்லை என்று சொல்பவர்களுக்கு இதைவிடப் பதில் என்ன வேண்டும்?

சக்கரத்தின் மேலும் குத்தகை

ஜீப்னி உலகம் சொர்க்கம் என்று நாம் சொல்லவில்லை. வண்டியைச் சொந்தமாக வைத்திருக்கும் டிரைவர்கள் உண்டு. ஆனால் ஏராளமானவர்கள் பிறர் வண்டியை ஓட்டுகிறவர்கள். அங்கே "பவுண்டரி" என்று ஒரு முறை. காலையில் வண்டியை எடுக்கும் டிரைவர், வசூல் எவ்வளவு வந்தாலும், வராவிட்டாலும், ஒரு குறித்த தொகையைச் சொந்தக்காரரிடம் கட்ட வேண்டும். டீசல் செலவும் டிரைவர் தலையில். மிச்சம் இருந்தால் கூலி. நம் குத்தகை விவசாயிக்கு இதை விளக்க வேண்டுமா? விளைந்தாலும் விளையாவிட்டாலும் அளந்துவிட வேண்டிய நெல்தான் அது; சக்கரத்தின் மேல் ஓடுகிறது, அவ்வளவே.

இதனால்தான் டிரைவர் பதினாலு மணி நேரம் ஓட்டுகிறார். இதனால்தான் இன்னும் ஒரு ஆளை ஏற்ற நடுத்தெருவில் நிறுத்துகிறார். இந்த உண்மையைப் பார்க்காமல், ஜீப்னிக்காரன் ஒழுங்கு கெட்டவன் என்று பேசுகிறது பங்களாக் கூட்டம்.

நவீனம் யாருக்கு?

2017-ல் பிலிப்பைன்ஸ் சர்க்கார் ஒரு திட்டம் கொண்டுவந்தது. பெயர் பொது வாகன நவீனத் திட்டம். 15 வயதைக் கடந்த ஜீப்னி தெருவில் ஓடக்கூடாது. புகை குறைந்த புதிய என்ஜின் அல்லது மின்சார வண்டி வேண்டும். தனி ஆளுக்கு லைசென்ஸ் கிடையாது. குறைந்தது 15 வண்டி கொண்ட கூட்டுறவுச் சங்கமோ கம்பெனியோதான் வழித்தடம் பெறலாம். அப்போது நாடு முழுவதும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்னிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஏழைகள் என்றால் கஷ்டப்படுங்கள், பசியோடு கிடங்கள் என்று மேடையில் ஏசினார் அன்றைய ஜனாதிபதி டுட்டெர்டே.

2020-ல் கொரோனா வந்தது. மார்ச்சில் ஜீப்னிகள் நிறுத்தப்பட்டன. ஜூன் மாதம் மற்ற வாகனங்கள் ஓடத் தொடங்கியபோதும் ஜீப்னிக்கு அனுமதி இல்லை. டிரைவர்கள் அட்டையில் எழுதிக் கழுத்தில் தொங்கவிட்டுத் தெருவில் பிச்சை எடுத்தார்கள். வேலை கேட்டு நின்ற ஆறு டிரைவர்களைப் போலீஸ் பிடித்து அடைத்தது.

2023 மார்ச் 6-ந் தேதி ஜீப்னி டிரைவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஒரு வாரம் என்று அறிவித்த போராட்டம், சர்க்கார் பேச்சுக்கு வந்ததால் இரண்டு நாளில் நிறுத்தப்பட்டது. கெடு தள்ளிப் போனது. மறுபடி தள்ளிப் போனது. கடைசியில் 2024 ஏப்ரல் 30 என்று முடிவாயிற்று. அந்த ஜூலையில் செனட் சபையின் 23 உறுப்பினர்களில் 22 பேர் திட்டத்தை நிறுத்தி வையுங்கள் என்று கையெழுத்திட்டுக் கேட்டார்கள். ஜனாதிபதி மார்கோஸ் மறுத்துவிட்டார்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

புதிய வண்டியின் விலை, திட்டம் தொடங்கியபோது 16 லட்சம் பெசோ அளவில் சொல்லப்பட்டது. சர்க்கார் உதவித் தொகை 80 ஆயிரம் பெசோ. அதாவது நூற்றுக்கு ஐந்து. பிறகு உதவித் தொகையைக் கூட்டினார்கள், விலையும் கூடிவிட்டது. 2023 வேலைநிறுத்த நாட்களில் ஒரு வண்டி 24 லட்சம், 28 லட்சம் பெசோ என்று பேச்சு. மிச்சத்துக்கு அரசு வங்கியில் கடன்: ஆண்டுக்கு 6 சத வட்டி, ஏழு ஆண்டுத் தவணை.

நூற்றுக்கு ஐந்தைக் கழித்து 28 லட்சம் பெசோ வண்டிக்குத் தவணை பார்த்தால் மாதம் சுமார் 39 ஆயிரம் பெசோ வருகிறது. ஒரு நாளும் ஓய்வில்லாமல் முப்பது நாளும் ஓட்டினால், நாளுக்கு 1,300 பெசோ. 2023 அக்டோபரில் குறைந்தபட்சக் கட்டணம் 13 பெசோ ஆக்கப்பட்டது. ஆக, தினம் முதல் நூறு பேர் கொடுக்கும் குறைந்த கட்டணம் வங்கிக்கு. டீசல் இன்னும் ஊற்றவில்லை. டயர் வாங்கவில்லை. டிரைவர் இன்னும் ஒரு வாய் சாப்பிடவில்லை. இப்படிப் பதினைந்து வண்டி சேர்த்தால் 4 கோடியே 20 லட்சம் பெசோ. எந்தக் குதிரை வண்டிக்காரன் பேரன் இதைக் கட்ட முடியும்?

கூட்டுறவு நமக்கு விரோதமான சொல் அல்ல. உழைப்பாளிகள் தாங்களே சேர்ந்து, தங்கள் சொத்தைப் பொதுவாக்கி, தாங்களே நிர்வாகம் செய்தால் அது கூட்டுறவு. கழுத்தில் கத்தி வைத்து, லைசென்ஸைப் பிடுங்கி, கடன் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினால் அதற்குப் பெயர் வேறு. தவணை தவறினால் வண்டி யாரிடம் போகும்? வழித்தடம் யாரிடம் சேரும்? பணப்பை பெருத்த கம்பெனியிடம்தான்.

புகைக்கு என்ன பதில்?

"பழைய வண்டி புகை கக்குகிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்தப் புகையை முதலில் குடிப்பவர் யார்? பதினாலு மணி நேரம் கண்ணாடியில்லாத வண்டியில் உட்கார்ந்திருக்கும் டிரைவர்தான். பஞ்சுத் தூசியை நெஞ்சில் வாங்கிய மில் தொழிலாளிக்கு இது புரியும். சுத்தமான காற்று உழைப்பாளிக்கே முதலில் வேண்டும். மின்சார வண்டி வந்தால் நாம் இரண்டு கையாலும் வரவேற்போம்.

ஆனால் காற்று எல்லோருக்கும் பொது. அதைச் சுத்தம் செய்யும் செலவு மட்டும் ஏன் டிரைவர் ஒருவர் தலையில்? பழைய என்ஜினை மாற்ற வேண்டுமென்றால் என்ஜினை மாற்றலாம். எழுபது ஆண்டுகளாக எந்த என்ஜினையும் எந்தச் சட்டத்திலும் பொருத்திக் காட்டிய கைகள் அந்த நாட்டிலேயே இருக்கின்றன. அந்தக் கைகளுக்கு நல்ல என்ஜினையும் அளவு சொல்லும் நிபுணரையும் கொடுத்தால், புகையில்லாத ஜீப்னியை உள்ளூர்ப் பட்டறையே செய்யும். வண்டி வெளியிலிருந்து கப்பலேறி வர வேண்டிய அவசியமில்லை. கடன் தொல்லையும் அத்தனை இராது. தகடு அடிப்பவருக்கும் பெயிண்டருக்கும் வேலை இருக்கும். டிரைவர் சங்கங்கள் கேட்பதும் ஏறக்குறைய இதுதான்: எங்களை ஒழிக்காதீர்கள், வண்டியைச் சீர்திருத்துங்கள், இறக்குமதி வேண்டாம், உள்நாட்டில் செய்யுங்கள், செலவைச் சர்க்கார் ஏற்கட்டும்.

யந்திரத்துக்கு நாம் விரோதிகள் அல்ல. மில்லில் புதுத் தறி வந்தபோதும், வயலில் அறுவடை யந்திரம் இறங்கியபோதும் நாம் கேட்டது ஒரே கேள்விதான்: வேலை போகிறவனுக்கு என்ன வழி? லாபம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு? மணிலாவின் ஜீப்னி டிரைவரும் இதையே கேட்கிறார். அவர் பாஷை வேறு, கேள்வி நம்முடையது.

நவீனம் வரட்டும். அதைக் கட்டும் வேலை உழைப்பாளியின் கைக்கு வரட்டும். அதன் விலையைப் பொதுக் கஜானா கொடுக்கட்டும். இது இரண்டும் இல்லாமல் வரும் நவீனம், பழைய குத்தகைக்குப் பூசிய புதுப் பெயிண்ட்தான். அந்தப் பெயிண்டைச் சுரண்டிப் பார்த்துவிட்டு ஆதரவா எதிர்ப்பா என்று முடிவு செய்வோம்.