துதி என்னும் வாய்ப்பூட்டு

“சிஸ்டர், சூழ்நிலையப் பாக்காதீங்க. துதிங்க. துதிக்கிற இடத்துலதான் தேவன் வாசம் பண்ணுவார்.” கணவன் அடித்ததில் தாடை வீங்கி, ஆராதனை முடிந்த பிறகும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணுக்குப் போதகர் சொன்ன பதில் இது. நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். அவள் முக்காட்டை இழுத்து வீக்கத்தை மூடிக்கொண்டு, “ஸ்தோத்திரம் பாஸ்டர்” என்றாள். அடுத்த ஞாயிறு காணிக்கைப் பையை ஏந்தி வந்தவன் அவள் கணவன்.

கடவுளின் பிரசன்னத்தை உணரும்போது வாயில் துதி தானாக வரும். எனக்கும் வந்திருக்கிறது. தானாக வருவதைக் கட்டளையாக்கி, அதையும் அடிபட்டவளுக்கு மட்டும் கட்டளையாக்குவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

போதகர் சொன்ன அந்த வாசம் பண்ணும் கடவுள் 22ஆம் சங்கீதத்தின் மூன்றாம் வசனத்தில் இருக்கிறார். முதல் வசனத்தில் என்ன இருக்கிறது? கைவிடப்பட்ட ஒருவரின் கதறல். சிலுவையில் இயேசு கதறியதும் அதைத்தான். அந்த இரண்டு வசனங்களைத் தாண்டித்தான் துதிக்கு வரமுடியும். 88ஆம் சங்கீதமோ துதிக்கு வந்து சேராமலே, ஆறுதல் இல்லாமலே முடிந்துபோகிறது. அதையும் சேர்த்துத்தான் வேதம் என்கிறோம்.

அன்னாளைப் பாருங்கள். சீலோவின் ஆலயத்தில் அவள் துதிக்கவில்லை, மனங்கசந்து அழுதாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஆசாரியன் ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று முடிவுகட்டி அதட்டினார். கடவுளுக்கு முன் ஒரு பெண் எப்படியெல்லாம் நிற்பாள் என்பது ஆலயத்திலேயே குடியிருந்தவருக்குத் தெரியவில்லை! அன்னாள் ஆமென் போடவில்லை. தான் குடிக்கவில்லை, மனத்தைக் கொட்டிக்கொண்டிருக்கிறேன் என்று எதிர்த்துச் சொன்னாள். பேச்சை மாற்றிக்கொண்டவர் ஏலிதான். அவளுடைய துதிப்பாடல் அடுத்த அதிகாரத்தில், பிள்ளை பால் மறந்த பிறகு வருகிறது. அதிலும் பலவான்களின் வில் முறிகிறது.

தமிழ் படித்தவள் என்பதால் இன்னொன்று. சாவு வீட்டில் ஒப்பாரி எழுந்தால் ‘நம்பிக்கையற்றவர்கள் போல் அழாதீர்கள்’ என்று பாட்டுப் புத்தகத்தைத் திறக்கிறார்கள். எரேமியா ஒன்பதாம் அதிகாரத்தில் புலம்பத் தெரிந்த பெண்களைக் கூப்பிடச் சொல்வதும், அதை மகள்களுக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்வதும் கடவுள்.

‘பவுலும் சீலாவும் அடிபட்டுச் சிறையில் கிடந்தும் பாடவில்லையா?’ என்பார்கள். பாடினார்கள். அது நள்ளிரவு. விடிந்ததும் அதிகாரிகள் ஆளனுப்பி, சத்தமில்லாமல் போய்விடச் சொன்னபோது பவுல் நகர மறுத்தார். விசாரணையில்லாமல் எல்லார் முன்னும் அடித்தவர்கள் தாங்களே வந்து வெளியே கூட்டிப்போகட்டும் என்றார். அவர்கள் பயந்துபோய் வந்து கெஞ்சினார்கள். அப்போஸ்தலர் 16இல் இரண்டும் இருக்கின்றன. நள்ளிரவு பாட்டை எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். விடிந்த பிறகு நடந்ததை ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்க 2005இலேயே சட்டம் வந்துவிட்டது. 181 என்று ஓர் உதவி எண் இருக்கிறது. அன்று அந்த மேடையிலிருந்து இதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த நானும் சொல்லவில்லை. ஆமென் என்று முனகிவிட்டுச் செருப்பைத் தேடப் போனேன்.