சுவரில் எழுதினால்தான் சில பிள்ளைகளின் கண்ணில் படும்

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் மாணவர் பரிமாற்றத் திட்டத்தின் கீழ் ஒரு பருவம் படித்துவிட்டு வந்திருக்கிறேன். அங்கே என்ன பார்த்தாய் என்று கேட்கும் உறவினர்களிடம் கிளிஃப்டன் தொங்கு பாலத்தைப் பற்றிச் சொல்கிறேன். அவர்கள் எதிர்பார்க்கும் பதில் அதுதான். உண்மையில் என் மனத்தில் தங்கியது, நகரின் தெற்கே பெட்மின்ஸ்டர் வட்டாரத்தில் உள்ள நார்த் ஸ்திரீட் என்ற கடைத்தெரு.

நம் ஊர்த் தாமான் கடை வரிசை போன்ற சாதாரணத் தெருதான் அது. ரொட்டிக்கடை, முடிதிருத்தும் கடை, பழைய பொருள் விற்கும் கடை. ஆனால் கடைகளின் பக்கச் சுவர்களை அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் அளவுக்கு ஓவியங்கள். நான் போன நேரத்தில் விழா எதுவும் நடக்கவில்லை. விழா விட்டுச்சென்ற சுவர்களைத்தான் பார்த்தேன்.

அந்த விழாவின் பெயர் அப்ஃபெஸ்ட். 2008இல் பெட்மின்ஸ்டரில் சிறிய அளவில் தொடங்கியது. அரசாங்கமோ பெரிய நிறுவனமோ தொடங்கிவைத்த விழா அல்ல. சுவர் ஓவியர்கள் சேர்ந்து வரைய ஓர் இடம் வேண்டும், அந்த நாளில் கொஞ்சம் நிதியும் திரட்டலாம் என்ற அளவில் எழுந்த முயற்சி. 2010களின் நடுப்பகுதிக்குள் பல நாடுகளிலிருந்து ஏறத்தாழ 300 ஓவியர்கள் வரும் அளவுக்கு வளர்ந்து, ஐரோப்பாவின் மிகப் பெரிய தெரு ஓவிய விழா என்று பேசப்பட்டது. நுழைவுக் கட்டணம் கிடையாது. ஓவியர்கள் பெரும்பாலும் தங்கள் நேரத்தை இலவசமாகக் கொடுத்தார்கள். கடைக்காரர்கள் சுவர் கொடுத்தார்கள். ஓவிய விற்பனையிலும் பார்வையாளர்களின் நன்கொடையிலும் கிடைத்த பணத்தின் ஒரு பங்கு நகோவா என்ற அறநிறுவனத்துக்குச் சென்றது.

நான் பேச வந்தது இந்த நகோவாவைப் பற்றித்தான். குடிக்கு அடிமையான பெற்றோரின் பிள்ளைகளுக்காக 1990இல் பிரிட்டனில் தொடங்கப்பட்ட அமைப்பு அது. இலவசத் தொலைபேசிச் சேவை ஒன்றை நடத்துகிறது. அழைக்கும் பிள்ளை பெயர் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு அது சொல்லும் செய்தி எளிமையானது: அப்பா குடிப்பதற்கு நீ காரணமில்லை, உன்னால் அதைக் கட்டுப்படுத்தவும் முடியாது, குணப்படுத்தவும் முடியாது, ஆனால் உன்னை நீ பார்த்துக்கொள்ளலாம்.

இதைப் படித்தபோது எனக்குப் படிவம் நான்கு வகுப்பறை நினைவுக்கு வந்தது. என் பக்கத்து மேசைத் தோழி பள்ளி முடிந்தும் வீட்டுக்குப் போகமாட்டாள். பாதுகாவலர் வந்து விளக்கை அணைக்கும் வரை நூலகத்திலேயே இருப்பாள். கேட்டால், "வீட்டுல ஒரே சத்தம்" என்பாள். அப்பாவுக்குச் சம்பளம் கிடைத்த வாரத்தில் இன்னும் தாமதிப்பாள். ஒருநாள் அவர் பள்ளி வாசலுக்கே தள்ளாடியபடி வந்துவிட்டார். மறுநாள் அவள் எங்கள் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டாள். அவள் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நானும் "பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு வேதியியல் குறிப்பேட்டைக் கொடுத்தேன். பதினாறு வயதில் எனக்குத் தெரிந்த உதவி அவ்வளவுதான்.

குடியைப் பற்றி நம் சமூகம் பேசாமல் இல்லை. 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடா தோட்டங்களில் தொண்டர் படை என்று திரண்ட இளைஞர்கள் கள்ளுக்கடைகளுக்கு எதிராகப் போராடிய வரலாறு நமக்கு இருக்கிறது. பிறகு சம்சு ஒழிப்புப் பிரசாரங்கள் வந்தன. மேடைகளில் குடிகாரருக்கு அறிவுரை சொன்னோம், அவருடைய மனைவிக்காகப் பரிதாபப்பட்டோம். உள்ளறையில் கதவைத் தாழிட்டு, காதைப் பொத்திக்கொண்டு பாடப்புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கும் பிள்ளையிடம் நேராக எதையாவது சொன்னோமா?

பல்கலைக்கழகத்தில் முதலாமாண்டில் ஒரு நிதி திரட்டும் விருந்து நிகழ்ச்சிக்குத் தொண்டூழியராகப் போனேன். பாதிக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்காக நடந்த நிகழ்ச்சி. மாலை, பொன்னாடை, மேசை அளவுக்கு ஒரு மாதிரிக் காசோலை, அதைப் பிடித்துக்கொண்டு பிரமுகர்கள் சிரிக்கும் படம். எதனால் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் என்பதை மேடையில் ஒருவரும் சொல்லவில்லை. "சூழ்நிலையால்" என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். திரண்ட பணம் உண்மையானது, பல பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்குப் போய்ச் சேர்ந்தது. நான் அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பிள்ளைகள் பணத்துக்கு மட்டும் ஏங்குபவர்கள் அல்லர். இது என் வீட்டில் மட்டும் நடப்பதல்ல என்று தெரிந்தாலே அவர்களுக்குப் பாதி மூச்சு வரும். ஐந்து நட்சத்திர விடுதியின் மண்டபத்தில், சீட்டு வாங்கியவர்கள் முன்னால் பேசினால் அந்தச் செய்தி அவர்களிடம் போகாது. தெருவில் நடந்தால் போகும். வேடிக்கை பார்க்க வந்த பிள்ளை, யாருக்காக இந்த விழா என்று படித்துவிட்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல் ஓர் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

தெரு ஓவியத்தால் எவ்வளவு பணம் வந்துவிடும் என்று கேட்கலாம். அதே பிரிஸ்டலில் 2014இல் பேங்ஸி, பணமுடையில் இருந்த ஓர் இளைஞர் மன்றத்துக்கு அருகில் ஒரு கதவில் ஓவியம் வரைந்தார். கட்டிப்பிடித்தபடி ஆளுக்கொரு கைப்பேசியைப் பார்க்கும் காதலர்கள். மன்றத்தார் அதைப் பெயர்த்து எடுத்தார்கள், பிறகு 4 லட்சத்து 3 ஆயிரம் பவுனுக்கு விற்றார்கள். மன்றம் பிழைத்தது. ஆனால் எல்லா ஊருக்கும் ஒரு பேங்ஸி வரமாட்டார். சாதாரணத் தெரு விழாவில் வருவது சில்லறைதான். விருந்து நிகழ்ச்சியில் ஒரு மேசையின் விலை அதைவிட அதிகமாக இருக்கலாம்.

வேறு குறைகளும் உண்டு. நல்ல காரியம்தானே என்று சொல்லி ஓவியர்களைச் சம்பளமில்லாமல் வேலை வாங்குவது எனக்கு உறுத்தல்தான். கலைத்துறையில் படிக்கும் என் அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "கேட்டரிங்காரனுக்கு மட்டும் காசு கொடுப்பீங்க, வரையுறவனுக்கு நன்றி சொல்லுவீங்க" என்றான். குறைந்தது சாயத்துக்கும் சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்குமாவது ஏற்பாட்டாளர்கள் கொடுக்க வேண்டும். இன்னொரு வேடிக்கை, அப்ஃபெஸ்டின் மையமாக இருந்த கட்டடம் ஒரு காலத்தில் சிகரெட் தொழிற்சாலை. இப்போது அதில் நாடக அரங்கும் மதுக்கூடமும் இருக்கின்றன. மதுக்கூடம் உள்ள இடத்தில் குடிகாரர்களின் பிள்ளைகளுக்காக நிதியா என்று நம் ஊர்ப் பெரியவர்கள் கேட்பார்கள். எனக்கோ, குடி இருக்கும் இடத்திலேயே அந்தப் பேச்சை எடுப்பதுதான் சரி என்று படுகிறது.

நமக்குச் சுவர் ஓவியம் புதிதல்ல. 2012இல் ஜோர்ஜ்டவுன் விழாவுக்காக எர்னஸ்ட் சகாரெவிச் ஆர்மேனியன் தெருவில் வரைந்த சைக்கிள் பிள்ளைகளின் முன்னால் இன்றும் வரிசையில் நின்று படம் எடுக்கிறோம். அதன் பிறகு பல ஊர்களில் சுவர்கள் வண்ணமாயின. பெரும்பாலானவை சுற்றுப்பயணிகளுக்கானவை. அதில் தவறில்லை. ஆனால் சுற்றுப்பயணி எட்டிப் பார்க்காத தாமான்களில்தான் என் தோழியைப் போன்றவர்கள் இருக்கிறார்கள்.

ஊர் திரும்பியதும் எங்கள் தாமானில் மளிகைக்கடை வைத்திருக்கும் அங்கிளிடம் பேசிப் பார்த்தேன். அவர் கடையின் பக்கச் சுவர் முழுவதும் வட்டி முதலைகளின் விளம்பரத் தாள்கள். கிழித்தால் மறுநாள் மீண்டும் ஒட்டியிருக்கும். நாலைந்து நண்பர்கள் சேர்ந்து அங்கே வரையலாமா, வரையும் நாளில் ஓர் உண்டியல் வைக்கலாமா என்று கேட்டேன். நகராண்மைக் கழகத்தில் அனுமதி வாங்கச் சொன்னார். விண்ணப்பக் கடிதத்தை இந்த வாரம்தான் எழுதி முடித்தேன். சாயத்துக்கு இன்னும் பணம் சேரவில்லை.

"என்னாம்மா வரையப் போற?" என்று கேட்டார். நூலகத்தில் விளக்கு அணையும் வரை உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் பிள்ளையை வரையப்போவதாகவும், ஓரத்தில் தாலியான் காசிஹ் 15999 எண்ணை எழுதப்போவதாகவும் சொன்னேன். அவர் சற்று நேரம் கல்லாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கடையில் பீர் டின்னும் விற்கிறார், எனக்குத் தெரியும்.

"நம்பர ஓரத்துல போடாத. பெருசா எழுது, பஸ் ஸ்டாப்புல இருந்து தெரியணும்" என்றார்.