கடல்நீர் மீன்தொட்டியும் நம் கடமையும்



சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் எனக்குத் தெரிந்த சில வீடுகளின் வரவேற்பறையில் கடல்நீர் மீன்தொட்டி இடம்பிடித்திருக்கிறது. நீல விளக்கொளியில் பவளங்கள் அசைய, அவற்றினிடையே கோமாளி மீன்கள் நீந்தும் காட்சி அழகானது, மறுப்பதற்கில்லை. அதைக் கண்ட பெற்றோர் சிலர், நம் தமிழ்ப்பள்ளி அறிவியல் அறையிலும் அப்படி ஒன்று வைக்கலாமே என்கின்றனர். செம்பனைக்கும் பால்மரத்துக்கும் நடுவே வளரும் பிள்ளைகள் கடலை வேறெங்கே காண்பார்கள் என்பது அவர்களின் வாதம். நியாயமான கேள்விதான். எனினும், அத்தொட்டியில் உள்ள உயிர்கள் எங்கிருந்து வந்தன என்பதை முதலில் கேட்டாக வேண்டும்.

பவளம் என்றதும் நமக்கு நவமணிகளுள் ஒன்றே நினைவுக்கு வரும். நகைக்குரிய செம்பவளம் வேறு. கடலில் பாறை கட்டும் பவளம் வேறு. ஆயினும் இரண்டுமே நுண்ணிய விலங்குகளின் கூட்டங்கள். பாறைப் பவளத்தின் உடலுக்குள் வாழும் நுண்பாசிகள் சூரிய ஒளியைக் கொண்டு அதற்கு உணவு ஆக்கித் தருகின்றன. பல வகைப் பவளங்கள் ஆண்டுக்கு ஓரிரு சென்டிமீட்டரே வளரும். கையளவு துண்டொன்றை உடைத்தெடுத்தால், போவது பல ஆண்டு வளர்ச்சி.

கடைகளில் விற்கும் நன்னீர் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்தவை. கடல் மீன்களின் கதை வேறு. அவற்றுள் பெரும்பாலானவை கடலிலிருந்தே பிடிக்கப்படுகின்றன. உலகில் ஆண்டுக்கு 2 கோடிக்கும் மேற்பட்ட கடல் அலங்கார மீன்கள் வணிகமாவதாக 2003ஆம் ஆண்டு வெளிவந்த ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் அறிக்கை மதிப்பிட்டது. பிலிப்பீன்ஸில் 1960களில் தொடங்கிய சயனைடு மீன்பிடிப்பு பின்னர் இந்தோனேசியாவுக்கும் பரவியது. நஞ்சில் மயங்கிய மீன் பிடிபடும். அதே நஞ்சில் அருகிலுள்ள பவளம் மடியும். சுலாவெசியை அடுத்த பங்காய் தீவுகளுக்கே உரிய பங்காய் மீன், தொட்டி வணிகத்திற்காக அளவின்றிப் பிடிக்கப்பட்டு, 2007இல் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்ந்தது. தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யக்கூடிய மீனுக்கு இந்த நிலை!

ஆகவே, தொட்டியே கூடாது என்பேனா? இல்லை. கடலிலிருந்து எதையும் எடுக்காத தொட்டி குற்றமற்றது. அதுவே என் அளவுகோல். கோமாளி மீன் பண்ணையில் எளிதாகப் பிறக்கிறது. தமிழ்நாட்டின் மண்டபத்திலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையமும் அதை இனப்பெருக்கம் செய்திருக்கிறது. திரைப்படத்தால் புகழ்பெற்ற நீலநிற 'டோரி' மீனோ 2016இல்தான் முதன்முறையாகச் செயற்கைச் சூழலில் வளர்க்கப்பட்டது. கடையில் காணும் 'டோரி' பெரும்பாலும் கடலில் பிடிபட்டதே; முப்பது சென்டிமீட்டர் வரை வளரும் அதற்கு வீட்டுத்தொட்டி சிறை. பவளம் வேண்டுவோர், பிற தொட்டிகளில் வளர்ந்த மென்பவளங்களின் துண்டுகளை வாங்கலாம். கடலடியிலிருந்து பெயர்த்த பாறைக்கு மாற்றாகச் செயற்கைப் பாறை உண்டு. நல்ல நுண்ணுயிரிகள் அதில் குடியேற ஒரு மாதத்துக்கு மேலாகலாம். அதுவரை மீன் விடாமல் காத்திருக்கும் பொறுமை இல்லாதவர், இத்தொட்டியை விரும்பாதிருப்பதே நன்று.

அடுத்தது வெப்பம். இத்தொட்டிக்கு 25 முதல் 27 பாகை வெப்பம் போதும். நம் கடாரத்து நண்பகலோ 32 பாகையைத் தாண்டுகிறது. குளிரூட்டும் கருவி இரவும் பகலும் ஓடினால் மின்சாரம் கரையும். தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியையும் எரிவாயுவையும் எரித்தே கிடைக்கிறது. அப்புகை கடலைச் சூடாக்குகிறது. கடல் சூடானால் பவளம் தன் நுண்பாசிகளை இழந்து வெளிறுகிறது. ஒரு கண்ணாடிப் பெட்டியைக் குளிர்விக்கக் கடலைச் சூடாக்குவது என்ன நியாயம்? நீர்ப்பரப்பின்மேல் சிறு விசிறி வீசினாலே இரண்டு மூன்று பாகை குறையும். ஆவியான அளவுக்கு நன்னீர் ஊற்றினால் போதும். எல்.இ.டி. விளக்கும் சூட்டைக் குறைக்கும். நீர் வடிகட்டும் கருவி கழிக்கும் நீரை வீணாக்காமல் செடிக்கோ கழுவுவதற்கோ பயன்படுத்தலாம். தொட்டியின் பழைய உப்புநீரையும் வேண்டாத உயிர்களையும் வாய்க்காலில் கொட்டவே கூடாது. அமெரிக்காவின் புளோரிடாக் கரையோரம் 1985இல் முதலில் காணப்பட்ட சிங்கமீன், தொட்டியிலிருந்து தப்பியதோ விடுவிக்கப்பட்டதோதான். இன்று அட்லாண்டிக் பவளப்பாறைகளில் அது பெருகி, அங்குள்ள சிறு மீன்களைத் தின்று தீர்க்கிறது.

இனி, பள்ளிக்கு வருவோம். என் கருத்து, பள்ளியில் பவளத்தொட்டி வேண்டாம் என்பதே. நீண்ட விடுமுறையில் அதைப் பேணுவோர் யார்? ஒரு நாள் மின்சாரம் நின்றால் உயிர்கள் மடியக்கூடும். பிள்ளைகள் கடலைக் காண வேண்டுமானால் கடல் அருகிலேயே இருக்கிறது. லங்காவிக்குத் தெற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பாயார் தீவு, 1994இல் கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்ட, நம் மாநிலத்தின் சொத்து. 2010இல் பவளங்கள் வெளிறியபோது அங்குள்ள சில முக்குளிப்பு இடங்கள் சில மாதங்கள் மூடப்பட்டன. அங்கே சென்று நீர்க்கண்ணாடி அணிந்து பார்க்கும் பிள்ளை, பவளத்தின் அழகோடு அதன் துன்பத்தையும் அறியும். தொட்டிக்குச் செலவிட எண்ணும் பணத்தை அந்தப் பயணத்துக்குத் தாருங்கள் என்று பெற்றோரைக் கேட்கிறேன்.

கடல் கடந்து கொண்டுவரப்பட்டு, வழியிலும் காட்டிலும் பலரை இழந்து, இந்தத் தோட்டங்களில் வேரூன்றிய மக்களின் வழிவந்தவர்கள் நாம். ஓர் உயிரை அதன் இடத்திலிருந்து பெயர்ப்பதன் விலை நமக்குத் தெரியாததன்று. அந்த விலையைக் கேட்டறியாமல் எந்த மீனையும் வாங்காதிருப்போம்.