கடலை வைத்தால் போதாது, வேலியும் வேண்டும்

போன மே மாதம் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். லண்டனுக்கு மேற்கே ரெடிங் என்ற ஊர். ஆறு வாரம் இருந்தேன். பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வருவதைத் தவிர அங்கே எனக்கு வேலை இல்லை. முப்பத்து நாலு வருசம் வங்கியில் உட்கார்ந்தவன், அப்புறம் எட்டு வருசமாகத் தோட்டத்தில் நிற்பவன். சும்மா இருக்கத் தெரியவில்லை. சமையலறை சன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பின்வாசல் தோட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தேன்.

தோட்டம் என்றதும் நம் ஊர்த் தோட்டத்தை நினைத்துவிடாதீர்கள். ரெண்டு சென்ட் இருந்தால் அதிகம். கொஞ்சம் புல்தரை, ஒரு ஆப்பிள் மரம், பக்கத்து வீட்டை ஒட்டி ஆள் உயரத்துக்கு ஒரு செடிவேலி. மரத்தில் ஒரு கம்பிக் கூண்டைத் தொங்கவிட்டு அதில் நிலக்கடலை போட்டிருந்தார்கள். அந்த நாட்டில் கடலை விளைவதில்லை. எல்லாம் கப்பலில் வருவது. கடையில் பறவைக்கென்றே மூட்டை கட்டி விற்கிறார்கள். கடலை போட்டுக் கட்டுபடியாகாமல் விட்டவன் நான். அதைப் பார்த்ததும் சிரிப்புதான் வந்தது.

"அப்பச்சி, ஒரு மணி நேரம் எண்ணலாமா?" என்று பேத்தி ஒரு நோட்டைக் கொண்டுவந்தாள். அங்கே ஆண்டுதோறும் ஜனவரிக் கடைசியில் வீட்டுத் தோட்டப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பறவைப் பாதுகாப்புக்கான ராயல் சங்கம் 1979-இல் தொடங்கியது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து, ஒவ்வொரு இனத்திலும் ஒரே சமயத்தில் அதிகபட்சம் எத்தனை கண்ணில் பட்டது என்று எழுதி அனுப்ப வேண்டும். ஐந்து லட்சம் பேருக்கு மேல் எண்ணுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவளுக்கு மே மாதமும் ஜனவரிதான்.

எண்ணினோம். எங்கள் பட்டியலில் ஒன்பது இனம் வந்தது. புல்தரையில் மைனா மாதிரி நடந்து மண்புழுவை இழுத்தெடுக்கும் கருங்குருவி. மகள் மண்வெட்டியை எடுத்தாலே பக்கத்தில் வந்து நிற்கும் செந்நெஞ்சு ராபின். ஏர் ஓட்டும்போது கரிச்சானும் உண்ணிக்கொக்கும் நம் பின்னாலேயே வருமே, அதே பழக்கம். வேலிக்குள் கச்சேரி வைக்கும் சிட்டுக்குருவி. சுவரில் மாட்டியிருந்த மரப்பெட்டிக்குள் குஞ்சு வைத்திருந்த புளூ டிட், நம் சிட்டுக்குருவியைவிடச் சின்னது. வானத்தில் வால் பிளந்த ரெட் கைட் பருந்து. இங்கிலாந்தில் அற்றுப்போயிருந்த அதை 1989 முதல் ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்து ரெடிங்குக்குப் பக்கத்திலுள்ள குன்றுகளில் விட்டார்கள். இப்போது வீட்டுக் கூரைக்கு மேலேயே சுற்றுகிறது. மனசு வைத்தால் போனதைத் திரும்பக் கொண்டுவர முடிகிறது, அதையும் சொல்ல வேண்டும்.

என் கண் அந்தப் புளூ டிட் மேலேயே இருந்தது. ஒரு நாள் காலையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் தாயும் தகப்பனும் சேர்ந்து முப்பத்தெட்டு தடவை பெட்டிக்குள் போய் வந்தன. வாயில் ஒரு தடவைகூடக் கடலை இல்லை. பச்சைப் புழு, புழு, மறுபடியும் புழு. கடலைக் கூண்டு நாலு அடி தூரத்தில்தான் தொங்குகிறது. பெரியவை வந்து தின்னும், குஞ்சுக்கு அதைக் கொடுப்பதில்லை. தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடக் குஞ்சுக்குப் பூச்சிதான் ஊட்டும். அந்தப் புழுவெல்லாம் வேலியிலிருந்தும் தெருக்கோடி ஓக் மரத்திலிருந்தும் வந்தது. கடையில் வாங்கிய தீனி பெரிய பறவையைக் காப்பாற்றும். அடுத்த தலைமுறையை வளர்ப்பது செடியும் மரமும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே கோதுமைக் காட்டு வழியாக நடக்கக் கூட்டிப்போனார்கள். அங்கே பட்டா நிலத்துக்குள்ளேயே பொதுப் பாதை உண்டு. கோதுமை இடுப்பு உயரம், ஒரு களை இல்லை, கண்ணுக்கெட்டிய வரை ஒரே காடு. ஒரு வானம்பாடி பாடிக்கொண்டே மேலே போனது. ரெண்டு மூன்று காட்டுப்புறா. அவ்வளவுதான். ரெண்டு சென்ட் பின்வாசலில் ஒன்பது இனம் பார்த்தவனுக்கு ஐம்பது ஏக்கரில் ரெண்டு.

நாயோடு வந்த பெரியவர் ஒருவரிடம் மருமகன் பேச்சுக் கொடுத்தார். "நான் பையனாக இருந்தபோது இது ஆறு வயல். ஒவ்வொன்றுக்கும் வேலி இருந்தது" என்றார் அவர்.

அந்த ஆறு வயல் ஒன்றானது அந்த நாட்டின் கதை. இரண்டாம் உலகப்போருக்குப் பின் உணவு உற்பத்தியைப் பெருக்க வேண்டும் என்று அரசே மானியம் கொடுத்து வேலிகளைப் பிடுங்க வைத்தது. பெரிய டிராக்டர் திரும்ப இடம் வேண்டுமே! இங்கிலாந்தின் பழைய செடிவேலிகளில் பாதியளவு போய்விட்டது. விதைநேர்த்தி மருந்து, களைக்கொல்லி, பூச்சிக்கொல்லி எல்லாம் கூடவே வந்தன. முன்பு வசந்தத்தில் விதைத்தபோது குளிர்காலம் முழுக்க அறுப்புத்தாள் நிலத்தில் கிடக்கும், சிந்திய தானியம் பறவைக்கு ஆகும். இப்போது குளிருக்கு முன்பே விதைத்துவிடுகிறார்கள். 1970-ஐ ஒப்பிட்டால் அங்கே விளைநிலப் பறவைகள் ஏறக்குறைய 60 விழுக்காடு குறைந்துவிட்டன. அந்த ஜனவரிக் கணக்கில் ஆண்டுதோறும் முதலிடம் சிட்டுக்குருவிக்குத்தான். ஆனால் 1979-இல் தோட்டத்துக்கு எத்தனை தென்பட்டதோ, அதில் பாதிகூட இன்று இல்லை.

இன்று அதே அரசு வேலி நடுவதற்கு மீட்டர் கணக்கில் மானியம் கொடுக்கிறது. 2024-இல் வந்த விதிப்படி, சில விலக்குகள் தவிர, மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை விவசாயி வேலியை வெட்டக்கூடாது. கூடு கட்டும் காலம். பிடுங்க ஒரு மானியம், நட ஒரு மானியம். ரெண்டும் மக்கள் பணம்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நடந்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. காரணம் வேறு. ஊரிலிருந்து கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னால்தான் நானே ஒரு பக்க வேலியைப் பிடுங்கியிருந்தேன்.

தாராபுரம் பக்கம் எனக்கு நாலு ஏக்கர். சுற்றிலும் அப்பாரு காலத்துக் கிளுவை வேலி. கிட்டத்தட்ட 1,670 அடி நீளம், ஆறடி அகலம். வங்கிக்காரன் புத்தி கணக்குப் போட்டது: 23 சென்ட் வீண். கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டினால் அத்தனையும் சாகுபடிக்கு. தென்பக்கம் 400 அடியை ஜேசிபி வைத்து ஒரே நாளில் எடுத்தேன். மிச்ச மூன்று பக்கத்துக்கும் முன்பணம் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன். "எதுக்குங்க இப்ப இது?" என்று வீட்டில் கேட்டார்கள். நான் காதில் வாங்கவில்லை.

வேலையில் இருந்த காலத்தில் கம்பிவேலிக்கு எத்தனையோ கடன் பரிந்துரை செய்திருக்கிறேன். உயிர்வேலிக்கு மதிப்புப் போட நான் நிரப்பிய படிவம் எதிலும் ஒரு கட்டம் இருந்ததில்லை. அதனால் அது சொத்து என்று எனக்குத் தோன்றவே இல்லை. இயற்கை விவசாயத்துக்கு வந்து எட்டு வருசம் ஆனபிறகும் தோன்றவில்லை என்பதைத்தான் வெட்கத்தோடு எழுதுகிறேன். பஞ்சகவ்யம் அடித்தேன், பறவை உட்காரக் குச்சி நட்டேன், பறவை வாழ்ந்த வீட்டைப் பிடுங்கினேன்.

திரும்பி வந்த மறுநாள் காலை ஆறு மணிக்குப் பேத்தியின் முறையில் எண்ணினேன். வடபக்கக் கிளுவையோரம் ஒரு மணி நேரம், மறுநாள் தென்பக்கக் கம்பியோரம் ஒரு மணி நேரம். கிளுவையில் பதினோரு இனம்: தவிட்டுக்குருவி, கொண்டைக்குருவி, செம்போத்து, தையல்சிட்டு, தேன்சிட்டு, அடியில் கவுதாரி என்று நீண்டது. கம்பியில் ரெண்டு: கரிச்சானும் பஞ்சுருட்டானும். அவையும் உட்கார்ந்து பூச்சி பிடிக்கத்தான் வருகின்றன. கம்பியில் கூடு கட்ட முடியாது. ஒரு தோட்டத்தின் ரெண்டு நாள் கணக்கு இது, ஆராய்ச்சி இல்லை. எனக்கு இது போதும்.

வேலிக்காரரைக் கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முன்பணத்தில் பாதிதான் திரும்பியது, அது நியாயம்தான். தென்பக்கம் கம்பியை ஒட்டியே ஐப்பசி மழைக்குக் கிளுவைப் போத்து நடப்போகிறேன். பழைய அடர்த்தி வரும்போது நான் இருப்பேனோ என்னவோ.

"பறவை பறவைன்னு பேசறீங்களே, மயில் வந்து தக்காளியைக் கொத்தறதுக்கு என்ன பதில்?" என்று பங்காளி கேட்டார். என்னிடம் நல்ல பதில் இல்லை. எனக்கும் நட்டம்தான். மயிலுக்கு அரசு இழப்பீடு தரவேண்டும் என்று கேட்போம், சேர்ந்தே கேட்போம். ஆனால் கிளுவையைப் பிடுங்கினதால் மயில் நிற்கவில்லை, கம்பிக்கு மேலே பறந்து வருகிறது. போனது தவிட்டுக்குருவியும் தையல்சிட்டும்தான்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ஜேசிபியைக் கூப்பிடும் முன் உங்கள் வேலியோரம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. இந்தப் பொங்கலுக்கு உங்கள் காட்டுக் கணக்கையும் எழுதுங்கள், பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அந்த நாட்டுக்காரர்கள் வேலியைத் தொலைத்துவிட்டு, கப்பல் கடலை வாங்கி வைத்துப் பறவையைக் கூப்பிடுகிறார்கள். நமக்கு வேலி இன்னும் மிச்சம் இருக்கிறது.