ஆங்கிலத்தில் தவறிய பையன்

இந்த வாரம் முழுக்க எனக்கு எரிச்சல். எங்கள் குடியிருப்பில் ஒரு பெண். எல்.கே.ஜி.யிலிருந்து முதுகலை வரை ஆங்கில வழியில் படித்தவள். அவள் விண்ணப்பித்திருக்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம், ஆங்கிலத் தேர்வுச் சான்றுக்கு இரண்டு வருடம் முடிந்துவிட்டது, மறுபடி எழுதிவிட்டு வா என்கிறது. அதே பல்கலைக்கழகம் அனுப்பிய கையேட்டில் காலனிய நீக்கம் பற்றித் தனி அத்தியாயம். படிக்க வேண்டிய நூல்களில் முதலாவதாகக் கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ.

1986-இல் வந்த ‘டீகாலனைசிங் த மைண்ட்’ நூலில் கூகி தன் பள்ளிக்கூட நாட்களைச் சொல்கிறார். வெள்ளையர் ஆண்ட கென்யா. பள்ளிக்குள் தாய்மொழியான கிக்கூயூ பேசி மாட்டிக்கொண்டால் பிரம்படி, இல்லையென்றால் ‘முட்டாள்’ என்று பறைசாற்றும் தகட்டைக் கழுத்தில் தொங்கவிட வேண்டும். ஆங்கிலத்தில் போனால் மற்றப் பாடங்களில் எவ்வளவு வாங்கினாலும் ஃபெயில். கூகியோடு படித்த ஒரு பையன் மற்ற எல்லாப் பாடத்திலும் முதல் தரம், ஆங்கிலத்தில் தவறினான். பஸ் கம்பெனியில் எடுபிடியாகப் போனான். மற்றவற்றில் சுமாராகத் தேறிய கூகிக்கு, ஆங்கில மதிப்பெண்ணால் பேர்பெற்ற அலையன்ஸ் உயர்நிலைப் பள்ளியில் இடம் கிடைத்தது. அந்தப் பையனைத் தாண்டி என்னால் அடுத்த பக்கத்துக்குப் போக முடிவதில்லை. காலனிய நீக்கம் பேசுகிறவர்கள் முதலில் கைவைக்க வேண்டியது சேர்க்கை விதிகளில்தான்.

கூகி பாடத்திட்டத்தில் கைவைத்தார். 1968-இல் நைரோபி பல்கலைக்கழகக் கல்லூரியில் அவரும் இரண்டு சகாக்களும் ஆங்கிலத் துறையையே கலைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார்கள். ஷேக்ஸ்பியரைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஆப்பிரிக்க இலக்கியமும் வாய்மொழி மரபும் நடுவில் இருக்கட்டும், மற்றவை அதைச் சுற்றி வரட்டும் என்றார்கள். போராடித் துறையை மாற்றினார்கள்.

1977-இல் கூகி கமிரித்து கிராமத்து மக்களோடு கிக்கூயூவில் நாடகம் போட்டார். அதற்காகச் சுதந்திர கென்யாவே அவரை விசாரணையின்றிச் சிறையில் அடைத்தது. அங்கே முரட்டுக் கழிவறைக் காகிதத்தில் கிக்கூயூவில் ஒரு நாவல் எழுதினார். காவலர்கள் பறித்துப் போன கையெழுத்துப் பிரதி பிறகு திரும்பி வந்தது. பல்கலைக்கழக வேலைதான் திரும்பி வரவில்லை. அந்த நாவல் 1980-இல் அச்சானபோது, வீடுகளிலும் மதுக்கடைகளிலும் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கூடி உட்கார்ந்து கேட்டார்கள்.

தமிழில் அது ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’. நூலகத்தில் கேட்டு வாங்குங்கள். முடிந்தால் வீட்டில் நாலு பேருக்குக் கேட்கும்படி வாசியுங்கள்.