ஜாடி சொன்ன சாட்சி!

கிபியோன் நகரின்மேல் சூரியனை நிற்கச் சொன்னார் யோசுவா என்கிறது பைபிள். அந்த நகரம் எங்கே?

ஜெருசலேமுக்கு வடமேற்கே உள்ள எல்-ஜிப் கிராமம்தான் அது என்று 1838-ல் அமெரிக்க அறிஞர் ராபின்சன் கூறினார். பெயர் ஒற்றுமையே முக்கிய ஆதாரம். சிலர் ஏற்க மறுத்தனர்.

1956-ல் பிரிட்சார்ட் என்ற ஆராய்ச்சியாளர் அங்கே தோண்டத் தொடங்கினார். 'கிபியோன்' என்று பழைய எபிரேய எழுத்தில் பொறித்த ஜாடிக் கைப்பிடிகள் கிடைத்தன!

ஜாடிகள் வெளியூரிலிருந்து வந்திருக்கலாமே? பாறையில் குடைந்த 63 நிலவறைகள் பதில் கூறின. திராட்சை மது சேமித்த அறைகள் அவை. மது அந்த ஊர்ச் சரக்கேதான்!

பெயர் வழி காட்டும். தீர்ப்புக் கூறுவது மண்தான்.

ஆனால், ஊர் கிடைத்ததால் சூரியன் நின்றது நிரூபணமாகிவிடாது. அது நம்பிக்கை, இது ஆராய்ச்சி. இரண்டையும் குழப்பினால் இரண்டுக்குமே நஷ்டம்!